மொட்டை மாடி மரத்தளத்துக்கு எதைப் பூசலாம்: வார்னிஷா, பியூவா, எண்ணெயா?

திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி மேற்குப் பார்த்தது. அங்கே 12க்கு 10 அடியில் தேக்குப் பலகை அடித்துத் தளம் போட்டிருக்கிறோம், மேலே கூரை கிடையாது. சித்திரையில் அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது, ஐப்பசி பிறந்தால் நாள் கணக்கில் நனைந்தே கிடக்கும். இப்படி ஒரு பலகைக்கு எதைப் பூசுவது என்று விசாரித்தால் கடைக்குக் கடை வேறு பதில் வருகிறது. இரண்டை நானே பூசிப் பார்த்துவிட்டேன், மற்றவற்றை அக்கம்பக்கத்தில் வருஷக்கணக்கில் பார்த்து வருகிறேன்.

முதலில் பூசியது கிளியர் வார்னிஷ். பூசிய அன்றைக்கு ஒவ்வொரு ரேகையும் தேனில் முக்கி எடுத்தது மாதிரி இருந்தது. ஆசாரி அண்ணன் மட்டும் "இது இந்த வெயிலுக்கு நிக்காது தம்பி" என்றார், நான் கேட்கவில்லை. கார்த்திகையில் மழை ஓய்ந்து மேலே போய்ப் பார்த்தால் ஸ்க்ரூ தலைகளைச் சுற்றியும் பலகை முனைகளிலும் வெள்ளை பூத்திருந்தது. நகத்தால் நெம்பினால் பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. ஒரு பொருக்கைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் சாம்பல் நிறத்தில் மரத்தின் நார் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. விஷயம் அங்கேதான் இருக்கிறது. கிளியர் வார்னிஷ் வழியாக வெயில் உள்ளே போய், மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைத்துவிடுகிறது. வார்னிஷ் நன்றாகவே இருந்தாலும் அது பிடித்துக்கொண்டிருக்கும் மேல்நார் கழன்றுவிட்டால் என்ன செய்ய முடியும்? அப்புறம் மரம் வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு ஊதும்போது மேலே இருக்கும் படலம் கீறுகிறது, கீறல் வழியாக இறங்கிய தண்ணீர் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு சீக்கிரம் காய மாட்டேன் என்கிறது. அந்த வார்னிஷைச் சுரண்டி எடுக்க இரண்டு பேருக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாள் கூலியையும் சேர்த்துத்தான் வார்னிஷ் விலையைக் கணக்குப் போட வேண்டும் என்று இப்போது கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

பியூ, அதாவது பாலியூரித்தேன், வார்னிஷைவிடக் கெட்டி. எக்ஸ்டீரியர் என்று போட்டதில் வெயிலைத் தாங்க மருந்து கலந்திருக்கும், ஆனால் அந்த மருந்தும் வெயில் பட்டுப் பட்டுக் குறையும். வாசல் கதவுக்கு, அதுவும் மேலே சன்ஷேடு இருந்தால், நான் பியூவைத்தான் சொல்வேன். எங்கள் கதவில் அதுதான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தளம் என்பது ஆள் நடக்கிற, நாற்காலி இழுக்கிற, தண்ணீர் தேங்குகிற இடம். உரிய ஆரம்பித்தால் ஓர் இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, தின்னர் நனைத்த துணியால் துடைக்காமல் பூசினால் பியூ சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெலமைன், அரக்குப் பாலிஷ் இரண்டும் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு, அவற்றை மாடிக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

இனாமல் பெயிண்ட் வெயிலை நன்றாகத் தடுக்கும், ஏனென்றால் அதிலிருக்கும் நிறமியைத் தாண்டி வெளிச்சம் உள்ளே போகாது. கைப்பிடிச் சட்டத்துக்குச் சரி. தேக்கு வாங்கி அதைப் பெயிண்டில் மூட எனக்கு மனசு வரவில்லை, அதோடு தரையில் அடித்தால் நடந்து நடந்து தேயும்.

எண்ணெய்க்கு வருவோம். லின்சீட் ஆயிலில், அதாவது ஆளி விதை எண்ணெயில், பச்சையாக வாங்கினால் காயவே பல நாளாகும், டபுள் பாயில்டு சீக்கிரம் காயும். படலமாக நிற்காமல் மரத்துக்குள் இறங்குவதால் உரிவதற்கு ஒன்றுமில்லை, மங்கினால் கழுவிக் காயவைத்து மேலேயே இன்னொரு கை பூசலாம். குறை இரண்டு: மழைக்காலத்தில் கரும்பூஞ்சை அதில் பிடிக்கும், வெயிலைத் தடுக்கும் சக்தியும் பெரிதாக இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும், நெருப்புக்குச்சி எதுவும் தேவையில்லை. விரித்துப் போட்டு வெளியில் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள்.

எனக்குச் சரிப்பட்டது எண்ணெயோடு நிறமியும் கலந்த எக்ஸ்டீரியர் வுட் ஸ்டெயின். எண்ணெய் மாதிரி உள்ளே இறங்கும், நிறமி வெயிலைத் தடுக்கும், ரேகையும் தெரியும். கடையில் வெறும் ஸ்டெயின் என்று கேட்டால் பாலிஷுக்கு அடியில் நிறம் ஏற்றுவதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அது மழைக்கு நிற்காது, டப்பாவில் எக்ஸ்டீரியர் என்று இருக்கிறதா பாருங்கள். நிறம் கொஞ்சம் அடர்த்தியாக எடுத்தால் இன்னும் நல்லது. 120 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வழவழப்பாக்கினால் மரம் குடிக்காது. மெல்லிசாகப் பூசிக் கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், விட்டால் மாசக்கணக்கில் காலில் பிசுபிசுக்கும். பலகையின் வெட்டு முனைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை கூடுதலாக, ஏனென்றால் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான்.

அடியில் தாங்கும் சட்டங்களுக்கு ஆசாரி அண்ணன் முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்தார், படகுக்கும் பூசுவார்களே, அதுதான். கருப்பாக இருக்கும், நாறும், கையில் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடம், கரையானுக்கு நல்ல மருந்து, அதனால் சரி என்றேன்.

வேலையை மாசி பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள், மழை ஈரம் வற்றியிருக்கும், அக்னி நட்சத்திரமும் வந்திருக்காது. உச்சி வெயிலில் பூசினால் உள்ளே இறங்குவதற்கு முன்பே மேலே காய்ந்துவிடும், நான் சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான் பிரஷைத் தொடுவேன். பூச வேண்டுமா என்று சந்தேகமாக இருந்தால் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது, உறிஞ்சினால் நேரம் வந்துவிட்டது. போன பங்குனியில் எங்கள் பலகை உறிஞ்சியது. ஒருநாள் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் நானும் மகளும் பூசினோம், இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது, சுரண்டும் வேலையே இல்லை.