ஏலியன்: சட்டத்தில் ஒருவர், வானத்தில் ஒருவர்

புதுச்சேரியில் முதல் வகை ஏலியன் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. தெருவில் சைக்கிளில் போகிறார். சட்ட ஆங்கிலத்தில் ஏலியன் என்றால் அயல்நாட்டவர். நம் அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே ‘எதிரி ஏலியன்’ என்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் பொதுவாக 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தங்க இடம் தருபவர், அவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (‘சி படிவம்’ என்றே பெயர் பெற்றது) 24 மணி நேரத்தில் அனுப்ப வேண்டும். வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், 6 மாதத்தில் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த தமிழர்களும் இந்தக் கணக்கில் அயலாரே. வேடிக்கைதான்.

இரண்டாம் வகையான வேற்றுக்கிரகவாசிக்குப் படிவமும் இல்லை, ஆதாரமும் இல்லை. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களான புறக்கோள்கள் 5,000-க்கும் மேல் உறுதியாகியுள்ளன. அவற்றில் எதிலும் உயிர் உறுதியாகவில்லை. 1977-இல் ஓஹியோவில் 72 விநாடி பதிவான ‘வாவ்’ என்ற வானொலி அலைச் சமிக்ஞை மறுபடி வரவேயில்லை. திரும்ப வராததைச் சோதிக்க வழியில்லை, அதனால் அது சான்றாகாது.

கடற்கரைச் சாலையில் ‘பறக்கும் தட்டு’ கண்டால் முதலில் திசை பாருங்கள். நமக்குக் கடல் கிழக்கே. வெள்ளிக் கோள் சூரியனை விட்டு 48 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே கடல்மேல் அது விடியலுக்கு முன்புதான் தெரியும். மாலையில் கடல்மேல் அசையாததுபோல் ஒளிர்வது வியாழனாக இருக்கலாம். விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்று, அரை மணி கழித்து அதே இடத்திலிருந்து பாருங்கள்: சுமார் 7 பாகை நகர்ந்திருந்தால் அது கோளோ விண்மீனோதான். வரிசையாக ஊர்ந்தால் செயற்கைக்கோள்கள்.