பவர் சைடு ஸ்டெப்: பொருத்தியதும் பராமரித்ததும் – ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சொகுசு எஸ்யூவி வாங்குகிறவர்கள் எஞ்சினின் வலிமையையும் இருக்கையின் மென்மையையும் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். அந்த இருக்கையை எட்டக் காலை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. முழங்கால் தேய்ந்த பெரியவர்கள் உள்ள வீட்டில் அந்தக் கேள்வி வெகு சீக்கிரம் எழுந்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எழுந்தது. அதற்குப் பதிலாகத்தான் கதவைத் திறந்தால் தானே நீண்டு, மூடினால் தானே உள்ளே போகும் பவர் சைடு ஸ்டெப்பைப் பொருத்தினோம். சில ஆண்டுகள் மழையிலும் புழுதியிலும் உழன்ற பின் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நிலையான படியை விட்டு இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தோற்றம் மட்டுமல்ல. நிலையான படி ஏறுவதற்கு வசதியான உயரத்தில் இருக்க வேண்டுமென்றால் வண்டியின் அடிப்பாகத்துக்கும் கீழே தொங்க வேண்டும். அப்படித் தொங்கினால் மேடுகளில் தட்டும், சக்கரம் வாரியடிக்கும் சேறு அதில் படியும், இறங்கும்போது அந்தச் சேறு ஆடையில் ஒட்டும். உயர்த்திப் பொருத்தினாலோ படியாக இருப்பதன் பயனே போய்விடும். ரேஞ்ச் ரோவர், கேடிலாக் எஸ்கலேட், லிங்கன் நேவிகேட்டர் போன்ற வண்டிகளுக்குத் தயாரிப்பாளர்களே இவ்வகைப் படியை வழங்குவதற்கு இந்த முரண்தான் காரணம். நான் பொருத்தியது வெளிச்சந்தைத் தயாரிப்பு. ஆகவே கீழே சொல்பவற்றில் பல, கம்பெனியிலேயே பொருத்தி வரும் படிகளுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம்.

அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு பக்கமும் ஓர் அலுமினியப் பலகை, அதைத் தாங்கும் இரண்டு அல்லது மூன்று மடங்கும் கைகள், அவற்றில் ஒன்றை இயக்கும் 12 வோல்ட் மோட்டார், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கன்ட்ரோலர் என்று இருக்கும். மற்றக் கைகள் மோட்டார் இழுத்த இழுப்புக்கு உடன் போகின்றவையே. படி முழுதாக நீண்டபின் கைகள் தம் எல்லையில் முட்டி நிற்பதால், ஏறுகிறவரின் எடையில் பெரும்பகுதி பிராக்கெட் வழியாக வண்டியின் உடலுக்குப் போய்விடும். பாதி வழியில் மிதித்தால் அதே எடை கியரின் பற்களில் இறங்கும். ஆம்ப் ரிசர்ச் போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் பவர்ஸ்டெப்புக்கு 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ தாங்குதிறன் சொல்கிறார்கள். நீண்டு நிற்கும் படிக்குத்தான் அந்தக் கணக்கு. ஆகவே படி நின்றபின் காலை வைப்பது என்ற ஒரே பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சொல்லி வைத்திருக்கிறோம்.

பொருத்தும் வேலையில் பிராக்கெட்டைக் காட்டிலும் ஒயருக்குத்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. பிராக்கெட்டைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: வண்டியில் ஏற்கெனவே உள்ள மரையிட்ட துளைகளைப் பயன்படுத்தும் கிட்டைத்தான் (பொருத்துவதற்கான பாகத் தொகுப்பு) வாங்க வேண்டும். இன்றைய சொகுசு எஸ்யூவிகள் பலவற்றில் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி வடிவ விளிம்பு, பக்கவாட்டு மோதலைத் தாங்குவதற்காக உயர்வலிமை எஃகால் செய்யப்பட்ட பாகம். அதில் புதிதாகத் துளையிடுவது வலிமையைக் குறைப்பதோடு, பெயின்ட் பூச்சைக் கிழித்துத் துருவுக்கும் வழி திறந்து விடுகிறது. ஹைப்ரிட் அல்லது மின்சார வண்டியானால் அடியில் பேட்டரியும் ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்தக் கேபிள்களும் இருக்கும். அங்கே துளைக்கருவிக்கு வேலையே இல்லை. பிராக்கெட் ஜாக் வைக்கும் இடத்தை மறைக்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நடுவழியில் டயர் பஞ்சரான இரவில் அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

ஒயருக்கு வருகிறேன். கதவு திறந்ததைப் படிக்குத் தெரிவிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓபிடி போர்ட்டில் (பழுதறியும் ஸ்கேனரை மாட்டும் இடம்) ஒரு சிறு மாட்யூலைச் செருகி, வண்டியின் மின்னணுப் பாகங்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் கேன் தடத்திலிருந்தே கதவின் நிலையைப் படித்துக்கொள்வது. மற்றது, கதவிலும் அதன் சட்டத்திலும் காந்தமும் சென்சாரும் ஒட்டித் தனி ஒயர் இழுப்பது. முதல் வழி சுத்தமானது. எந்த ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை, வண்டி ஓடத் தொடங்கியதும் படியை உள்ளே இழுக்கவும் அதே தகவல் உதவும். ஆனால் ஸ்கேனர் மாட்டும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டும். மேலும் அந்த மாட்யூல் தரமற்றதாக இருந்தால், வண்டியைப் பூட்டிய பிறகும் கேன் தடத்தைத் தூங்க விடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். நிறுத்தி வைத்த வண்டியின் மின்கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். அந்த அளவிலேயே பேட்டரியிலிருந்து ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போய்விடும். ஆகவே பொருத்துபவரிடம் நான் முதலில் கேட்டது ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைத்தான்: மாட்யூல் இல்லாமல் ஓர் அளவு, மாட்டியபின் வண்டி முழுதும் உறங்கும்வரை காத்திருந்து இன்னோர் அளவு. இந்தச் சோதனைக்கு முகம் சுளிக்கும் கடையில் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

பிரதான பவர் ஒயர் பேட்டரியிலிருந்து வருகிறது. அதன் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் அல்ல, ஏனென்றால் இடையில் எங்கே உராய்ந்து ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ்தான் முதலில் எரிய வேண்டும். கேபினுக்குள் ஒயரைக் கொண்டுவரும்போது மஞ்சள் நிறக் கனெக்டர்களின் அருகே கையே போகக்கூடாது. அவை ஏர்பேக்குக்கு உரியவை. அடிப்பாகத்தில் ஓடும் ஒவ்வொரு ஒயரும் கனெக்டரை அடைவதற்கு முன் சற்றுக் கீழே தொய்ந்து பின் மேலேறும்படி கட்டச் சொன்னேன். வழிந்து வரும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. கனெக்டர்களுக்குள் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைத்ததும் அன்றைக்குத்தான். அரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்த இந்த வேலையால்தான் இதுவரை மின்பக்கம் ஒரு தொல்லையும் வரவில்லை என்பது என் கணிப்பு.

தொல்லை வந்தது வேறு பக்கத்தில். இரண்டாவது மழைக்காலம் முடிந்த சமயத்தில் இடப்பக்கப் படி நீளத் தொடங்கிப் பாதியில் நிற்க ஆரம்பித்தது. சில நேரம் இன்னொரு முறை கதவை மூடித் திறந்தால் முழுதாக வரும். பார்த்தவர்கள் மோட்டார் போய்விட்டது என்றார்கள். பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள், பெரும்பாலும் அது சரியாக இருக்காது. காரணம், கன்ட்ரோலர் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. யாருடைய காலோ நடைபாதை விளிம்போ தடுத்தால் மின்னோட்டம் சட்டென ஏறும், உடனே அது இயக்கத்தை நிறுத்திவிடும். கீல் பின்களில் மண் புகுந்து இறுகினாலும் அதே மின்னோட்டம் அதேபோல் ஏறும். மண்ணையும் காலையும் பிரித்தறிய அந்தப் பெட்டிக்குத் தெரியாது. பின்களைக் கழுவிச் சிலிக்கான் ஸ்பிரே அடித்ததும் படி பழையபடி ஓடியது. புது மோட்டாருக்கான செலவு மிச்சமாயிற்று. பின்னைச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது எர்த் இணைப்பில் துரு ஏறியிருக்கிறதா, பேட்டரி மின்னழுத்தம் இறங்கியிருக்கிறதா என்பவை. மோட்டார் அதற்கும் பிறகுதான்.

அதிலிருந்து பராமரிப்பு ஒரு வழக்கமாகிவிட்டது. கதவைத் திறந்து படியை நீட்டி, அதற்கென உள்ள சுவிட்சால் அந்த நிலையிலேயே நிறுத்தி, கைகளின் மடிப்புகளில் தண்ணீர் அடித்து மண்ணை வெளியேற்றுவேன். மோட்டாரின் மீது நேராகப் பீய்ச்சுவதில்லை. மோட்டார் ஐபி 67 தரம் என்று பெட்டியில் போட்டிருப்பதைக் காட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம் என்று வாட்டர் வாஷ் செய்பவர்கள் வாதிடுவார்கள். ஐபி 67 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் நீர் புகாது என்பதற்கான தரம்; நெருங்கி நின்று அடிக்கும் உயர் அழுத்தத் தாரைக்கான சோதனை வேறு, அதன் குறியீடு ஐபி 69கே. தேங்கிய நீரும் சீறும் நீரும் ஒன்றல்ல.

காய்ந்தபின் பின்களுக்கு மட்டும் சிலிக்கான் ஸ்பிரே. கிரீஸ் கூடாது, ஏனென்றால் அதில் ஒட்டும் மணல் உப்புத்தாள்போல் பின்னைத் தேய்த்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரேக்கள் அப்போதைக்குச் சத்தத்தை அடக்கினாலும் சீக்கிரம் காய்ந்துபோகும். படியின் மேற்பரப்பில் சிலிக்கானோ மெழுகோ தவறியும் படக்கூடாது, பட்டால் அடுத்து ஏறுகிறவர் வழுக்குவார். மழைக்காலத்தில் மாதந்தோறும், மற்றப்படி பருவத்துக்கு ஒரு முறை என்பது எனக்குப் போதுமாக இருக்கிறது. உப்புத் தூவும் பனிச்சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு அது போதாது. அங்கே துருப்பிடிக்காத எஃகு போல்ட் அலுமினியப் பிராக்கெட்டைத் தொடும் இடங்களில் உலோக அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

போல்ட்களைத் தொடக்கத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை சரிபார்த்தோம். இப்போது ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன்; கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அன்றாடப் பயனில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் (காற்றழுத்தத்தால் வண்டியின் உயரத்தை மாற்றும் அமைப்பு) உள்ள வண்டிகள் ஏறி இறங்குவதற்காகத் தாமே தாழும். ரேஞ்ச் ரோவரில் அது 50 மில்லிமீட்டர். உயரமான நடைபாதையை ஒட்டி நிறுத்திக் கதவைத் திறந்தால், கீழே தாழ்ந்த வண்டியிலிருந்து நீளும் படி கல்லில் முட்டி நிற்கும். நடைபாதைப் பக்கம் படியே தேவைப்படாத உயரம்தான் என்பதால் அங்கே நிறுத்தும்போது சுவிட்சை அணைத்துவிடுகிறோம். சர்வீஸுக்கு விடும்போதும், லிஃப்டில் ஏற்றும்போதும் அதே சுவிட்ச்தான். அடியில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்க மேலே இன்னொருவர் கதவைத் திறப்பது எந்தப் பணிமனையிலும் நடக்கக்கூடியது. இந்த சுவிட்ச் இல்லாத கிட்டுகளும் விற்கின்றன, எல்.இ.டி. விளக்கு எத்தனை என்று பார்ப்பதற்கு முன் இது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் அடிக்கடி வண்டியில் வருகிறார்கள், மாதம் ஒரு முறை குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பதில் சலிப்பில்லை என்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். கழுவுவதையும் எண்ணெய் போடுவதையும் முழுக்க வெளியாரிடமே விட்டுவிடுபவர்களுக்கு, சேறு ஒட்டினாலும் நிலையான படியே நீடித்து உழைக்கும்.