ஹாரியர் ஈவி: ஃபேமிலிக்கு ரியர் வீலா, நாலு வீலா?

டாடாவோட எலக்ட்ரிக் கார் ஹாரியர் ஈவில 75 கிலோவாட் ஹவர் பேட்டரி ரியர் வீல், நாலு வீல் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ரியர் வீல் டிரைவ்ல பின்னாடி மட்டும் மோட்டார், க்யூடபிள்யூடில, அதாவது நாலு வீல் டிரைவ்ல, முன்னாடியும் ஒண்ணு சேர்ந்து 504 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை சக்தி). 2025 லான்ச் விலைல டாப் மாடல்ல நாலு வீலுக்கு ஒன்றரை லட்சம்தான் கூட. கம்பெனி சொல்ற ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரம், ரியர் வீல்ல 627 கிலோமீட்டர், நாலு வீல்ல 622, பெரிய வித்தியாசம் இல்ல, அத விடுங்க.

மழை நேரத்துல கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவும் அஞ்சு பேரு லக்கேஜோட ஏறும்போது, ஈர ரோட்டுல பின் டயர் லேசா வழுக்கினாலே பின் சீட்ல அம்மா கைப்பிடிய இறுக்கிப் பிடிப்பாங்க பாருங்க, அங்க முன் டயரும் சேர்ந்து இழுக்கறது பெரிய தைரியம்ங்க. அடிக்கடி மலை ஏறுறவங்க கண்டிப்பா நாலு வீலுக்கே போங்க. சிட்டி, ஹைவே மட்டும்னா ரியர் வீலே தாராளம், பானெட்டுக்குள்ள சாமான் வைக்கிற இடமும் அதுலதான் அதிகம்.

வயசானவங்க ஏற ரெண்டுமே உசரம்தான், ஃபுட் ஸ்டெப் போட்டுக்கங்க.