எட்டு கிலோ சட்டையும் மீசை முளைத்த காந்தமும்

நடக்கும்போது கூடுதல் சுமைக்காக மாட்டிக்கொள்ளும் எடைச் சட்டைக்கு மூன்றாவது முறையாகத் தையல் போட்டு வாங்கி வந்த அன்றைக்கே நண்பன் போன் பண்ணி, "வாங்கலாமாடா?" என்று கேட்கிறான். அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. எட்டு கிலோ, உள்ளே இரும்புத் துகள். வில்லனே அந்தத் துகள்தான். நாலாவது மாதம் இடது தோள்பட்டைத் தையலிலிருந்து மிளகுத்தூள் மாதிரி உதிர ஆரம்பித்தது. வியர்வை பட்டால் துரு. என் வெள்ளை பனியன்கள் எல்லாம் போச்சு. மனைவி ஃப்ரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து ஹால் தரையில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாள். காந்தத்துக்கு மீசை முளைத்திருந்தது. விற்றவர்களிடம் கேட்டால், தையல் பிரிவது தேய்மானமாம், வாரண்டியில் வராதாம். கடைசியில் செருப்புத் தைக்கும் அண்ணன்தான் நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டார். "உள்ள என்ன சார், ஆத்து மணலா?" என்றார். துவைக்கவும் முடியாது. நாற்றத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். இதற்கு முன் கணுக்காலில் ஒவ்வொரு கிலோ கட்டி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அந்த எடையையும் சேர்த்து வீச வேண்டும் என்பதால், உடம்பில் சுமக்கும் கிலோவைவிட அது பல மடங்கு வேலை வாங்கும். இரண்டே வாரத்தில் முட்டி வலி. சட்டையில் அது இல்லை. கோவை ரேஸ்கோர்ஸில் அதே வேகத்தில் நடந்தாலும் வாட்ச்சில் நாடித்துடிப்பு 104-லிருந்து 117-க்குப் போகிறது. ஓடாமலே மூச்சு வாங்குகிறது. (ஒரு பெரியவர், "குண்டு துளைக்காத சட்டையா தம்பி?" என்று கேட்டார்.) என் எடை 76. முதல் நாளே எட்டு கிலோவை மாட்டியது மடத்தனம். மூன்று, நாலு கிலோவில் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டையின் எடையைக் குறைக்க வழியில்லை. தொப்பை? அது அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் நடந்து முடித்துச் சட்டையைக் கழற்றும் அந்த நிமிஷம் இருக்கிறதே! இடுப்பில் தூங்கிவிட்ட குழந்தையைக் கட்டிலில் கிடத்திய மாதிரி. வண்டி வரைக்கும் கால் தரையில் படாது.

நண்பனிடம் வாங்காதே என்றேன். பழைய ஸ்கூல் பையில் மூன்று கிலோ அரிசியைத் துண்டில் சுற்றி வை, வாரை இழுத்து முதுகோடு ஒட்டினாற்போல் மாட்டிக்கொள், முட்டியோ முதுகோ தகராறு என்றால் முதலில் டாக்டரைப் பார் என்றேன்.

"அப்போ உன்னோடதைக் கொடுத்துடு" என்றான்.

அதெப்படி, நாளைக் காலை ஐந்தரைக்கு எனக்கு வேண்டுமே.