போடாக்ஸ் போட்ட பிறகு ஜிம்: 4 மணி நேரமா, 24 மணி நேரமா, ஒரு வாரமா?

சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு கிளம்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் உடற்பயிற்சிக்கு ஒரு கெடு இருக்கும். ஒரு கிளினிக்கில் 4 மணி நேரம் போதும் என்பார்கள். இன்னொன்றில் மறுநாள் வரை ஜிம் வேண்டாம் என்பார்கள். ஒரு வாரம் வியர்க்கவே கூடாது என்று சொல்லி அனுப்பும் இடங்களும் உண்டு. மருந்து என்னவோ ஒன்றுதான். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 24 மணி நேரம். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் “மருந்து நகர்ந்துவிடும்” என்ற காரணத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சரியான காரணம் ரத்தக்கட்டு, அதாவது குத்திய இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போவது. அது புரிந்துவிட்டால் எந்தப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டும், எதை அன்று மாலையே செய்யலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

இங்கே பேசுவது மேல்முகத்தைப் பற்றி மட்டும்: புருவ இடுக்கு, நெற்றி, கண்ணோரம். போடாக்ஸ் மருந்தோடு வரும் குறிப்பேட்டின்படி புருவ இடுக்குக்கு 5 இடங்களில் 20 யூனிட், நெற்றிக்கு 5 இடங்களில் 20 யூனிட், இரண்டு கண்ணோரத்துக்கும் சேர்த்து 6 இடங்களில் 24 யூனிட். மூன்றையும் ஒரே நாளில் செய்துகொண்டால் 64 யூனிட், 16 குத்து. உங்களுக்குப் போட்டது இதைவிடக் குறைவாக இருக்கலாம், பல மருத்துவர்கள் அளவைக் குறைத்தே தொடங்குகிறார்கள். டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டில் யூனிட் கணக்கே வேறு, புருவ இடுக்குக்கு மட்டும் 50 யூனிட். அந்த எண்ணைப் பார்த்து அதிகம் போட்டுவிட்டார்களோ என்று பதற வேண்டாம். பயிற்சிக்கான கெடு எந்த பிராண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் 4 மணி நேரக் கட்சி. இவர்கள் பேச்சில் அறிவியல் இருக்கிறது. தசைக்குள் இறங்கிய மருந்து நரம்பு முனையைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. அங்கே ஸ்னாப்-25 என்ற புரதத்தை வெட்டுகிறது. அதனால் தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கோலின் வெளியே வர முடிவதில்லை. பலன் கண்ணுக்குத் தெரிய 2, 3 நாள் ஆவதால், அதுவரை மருந்து தோலுக்கடியில் அலைந்துகொண்டிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பற்றிக்கொள்ளும் வேலையின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. தாமதம் ஆவது அதற்குப் பிந்தைய வேலையால்.

ஆகவே முதல் 4 மணி நேரத்தில் கவனிக்க வேண்டியது அழுத்தத்தை. குத்திய இடத்தைத் தேய்ப்பது, அமுக்குவது, குப்புறப் படுப்பது மூன்றும் கூடாது. நம் ஊரில் இதில் கோட்டை விடுவது பெரும்பாலும் ஸ்கூட்டரில்தான். கிளினிக்கிலிருந்து இறங்கியதும் ஹெல்மெட்டை மாட்டினால், அதன் உள்பஞ்சு நெற்றியின் மேல்பாதியையும் கண்ணோரத்தையும் இறுக்கிப் பிடிக்கும். வண்டி ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம் வேண்டும், எனவே அன்று ஆட்டோவிலோ காரிலோ போய் வாருங்கள். புருவ இடுக்கில் ஸ்டிக்கர் பொட்டை அழுத்தி ஒட்டுவது, விரலால் அழுத்தித் திருநீறு பூசுவது, அன்றே பார்லரில் புருவம் திரெடிங் செய்வது எல்லாம் இதே கணக்கில் வரும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயால் ஒன்றும் ஆகாது, நெற்றிப்பொட்டைச் சூடுபறக்கத் தேய்க்கும் கைதான் பிரச்சினை.

இந்த 4 மணி நேரத்தில் தாராளமாகச் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது: முகத்துக்கு மட்டுமான பயிற்சி. புருவத்தை உயர்த்துவது, முறைப்பது, தளர்த்துவது. சிறிய அளவில் நடந்த ஓர் ஆய்வில், ஊசிக்குப் பின் சில மணி நேரம் இப்படிச் செய்தவர்களுக்குப் பலன் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே தெரிந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. விருப்பமிருந்தால் செய்யலாம், விட்டாலும் நஷ்டமில்லை.

அடுத்தது ஒரு வாரக் கட்சி. இதை இயக்குவது பயம். ஓடினால் ரத்த ஓட்டம் கூடும், மருந்து பரவும், இமை தொங்கிவிடும் என்கிறார்கள். இமை தொங்குவது உண்மையிலேயே நடக்கிற பக்கவிளைவுதான். ஆனால் புருவ இடுக்குக்குப் போட்ட மருந்து கண்குழிக்குள் கசிந்து இமையைத் தூக்கும் தசையை எட்டினால்தான் அது நடக்கும். அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஊசி இறங்கிய இடமும் ஆழமும் அளவும். புருவத்தின் வெளிப்புறக் குத்து, எலும்பு விளிம்புக்குக் குறைந்தது 1 செ.மீ. மேலே இருக்க வேண்டும் என்று குறிப்பேடு சொல்வது இதனால்தான். இமை தொங்குவது சில நாள் கழித்தே தெரியவருகிறது. அதற்குள் இரண்டு தடவையாவது ஜிம்முக்குப் போயிருப்பார்கள், பழி டிரெட்மில் மேல் விழுந்துவிடும். ஏற்கெனவே தோல் தளர்ந்து, நெற்றித் தசையின் பலத்தில் புருவத்தைத் தூக்கி வைத்திருப்பவர்களுக்கு நெற்றியில் ஊசி போட்டாலே கண் கனப்பது போல இருக்கும். அதற்கும் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை.

வேகமாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றும் இந்தக் கட்சியினர் சொல்வார்கள். சில மருத்துவர்களுக்கு அப்படி ஓர் எண்ணம் உண்டு, ஆதாரம் கனமாக இல்லை. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், 3, 4 மாதம் நிற்கும் ஒரு மருந்துக்கு முதல் வாரம் சும்மா இருப்பதால் என்ன மிஞ்சும்?

ஒரு வாரம் என்று சொன்னதில் நியாயம் இருக்கக்கூடிய சந்தர்ப்பமும் உண்டு. பேக்கேஜ் என்ற பெயரில் ஒரே அமர்வில் ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி), திரெட் லிஃப்ட் (நூல் கோர்த்துத் தோலைத் தூக்குவது), லேசர் என்று சேர்த்துச் செய்திருந்தால் கெடு அவற்றுக்கானது. திரெட் லிஃப்டுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் கிளம்பும் முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்த இடம்.

இனி 24 மணி நேரம். இதற்குப் பின்னால் பெரிய ஆய்வு இருக்கிறதா என்றால், இல்லை. 2002-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. புருவ இடுக்குக் கோடுகளுக்கு அனுமதி கொடுத்த பிறகு இவ்வளவு காலம் ஓடியும், பயிற்சிக்கான கெடுக்கள் மூன்றுமே மருத்துவர்களின் வழக்கத்திலிருந்து வந்தவையாகவே இருக்கின்றன. ஆனாலும் ரத்தக்கட்டு என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கெடுவை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

கண்ணாடி முன் நின்று கண்ணோரத் தோலை லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். நீல இழையாக ஒரு சிரை தெரியும், சிலருக்கு இரண்டு மூன்று. முகத்தில் தோல் மிக மெல்லியதாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. அங்கே பக்கத்துக்கு மூன்று குத்து. கெட்டிக்கார மருத்துவர் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்து, சிரையைத் தவிர்த்துத்தான் குத்துவார். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களைத் தவிர்க்க யாராலும் முடியாது. ஊசியை எடுத்ததும் கடுகளவு ரத்தம் வந்து நின்றுவிடும். நின்றது என்றால், ரத்தத்தட்டுகள் கூடி ஓட்டையை அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். அடைப்பு சில நிமிடத்தில் விழுந்துவிடும், அது இறுகிக் கெட்டிப்படத்தான் மணிக்கணக்காகிறது. அதற்குள் உள்ளேயிருந்து அழுத்தம் ஏறினால் அடைப்பு பிய்த்துக்கொள்ளும். கசியும் ரத்தம் வெளியே வராமல் தோலுக்கடியில் பரவும்.

அழுத்தம் ஏறுவது மூன்று வழியில். பாரம் தூக்குவது முதல் வழி. மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கனமான ஸ்குவாட்டோ டெட்லிஃப்டோ செய்யும்போது ரத்த அழுத்தம் 200-ஐத் தாண்டிப் போகும். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கும், அதே புடைப்பு கண்ணோரச் சிரையிலும் இருக்கும். அடுத்தது தலைகீழாக இருப்பது, அப்போது ரத்தம் தன் எடையாலேயே முகத்துக்கு இறங்குகிறது. மூன்றாவது சூடு. வேகமாக ஓடினாலும், நீராவி அறையில் உட்கார்ந்தாலும், மே மாத வெயிலில் கிரிக்கெட் ஆடினாலும் உடம்பு சூட்டைத் தணிக்க முகத்துக் குழாய்களை விரிக்கிறது. இவற்றில் எதுவும் 4 மணி நேரத்தில் பாதுகாப்பானதாக ஆகிவிடுவதில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அடைப்பு பெரும்பாலோருக்கு நன்றாகவே பிடித்திருக்கும்.

ரத்தக்கட்டு மருந்தின் வேலையைக் கெடுக்காது, ஆபத்தும் இல்லை. ஆனால் கருஞ்சிவப்பாகத் தொடங்கி, பச்சையாகி, மஞ்சளாகி மறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதுவரை ஆபீஸில் பார்ப்பவரெல்லாம் “கண்ணுல என்ன அடி?” என்று கேட்பார்கள். ஒரு நாள் வொர்க்-அவுட்டை விடுவதையும் பத்து நாள் கன்சீலர் பூசிக்கொண்டு திரிவதையும் வைத்துப் பார்த்தால், எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ எடுப்பவர்களுக்கு ரத்தக்கட்டு எளிதில் வரும். அவர்கள் 48 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை ஊசிக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசிக்குப் பிறகு தலைவலித்தால் பாராசிட்டமால் போதும். குத்திய இடத்தில் ஊதா நிறம் தட்டினால், உடனே சுத்தமான பஞ்சை வைத்துத் தேய்க்காமல் லேசாகப் பிடியுங்கள். பிறகு துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நடைப்பயிற்சிக்கு இந்தக் கெடு எதுவும் இல்லை. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே நடக்கும் வேகம் என்றால் அன்று மாலையே போகலாம். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். மறுநாள் ஜிம்மில் முதல் செட்டை வழக்கமான எடையில் முக்கால்வாசியோடு தொடங்கி, தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். தலை தாழ்ந்திருக்கும் டிக்ளைன் பெஞ்சை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

யோகாவை லேசான பயிற்சி என்று நினைத்து அன்றே செய்துவிடுகிறார்கள். நின்றும் உட்கார்ந்தும் செய்யும் ஆசனங்களில் குறையொன்றும் இல்லை. ஆனால் சூரிய நமஸ்காரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் குனியும் நிலையிலும் மலை நிலையிலும் தலை இடுப்புக்குக் கீழே போய்வருகிறது. 12 சுற்று என்றால் எத்தனை முறை என்று பாருங்கள். அது மறுநாளைக்கு. சிரசாசனத்தில் தலைகீழ் நிலையோடு நெற்றியின் மேல் விளிம்பில் உடம்பின் எடையும் இறங்குவதால் 48 மணி நேரம் விடுவேன். சர்வாங்காசனத்தில் நெற்றியில் எடை இல்லை, ஆனாலும் மறுநாள்தான்.

நீச்சலில் தண்ணீரைவிடக் கண்ணாடியைப் பார்த்துத்தான் நான் தயங்குகிறேன். அதன் ரப்பர் விளிம்பு கண்குழி எலும்பின் மேல், கண்ணோரக் குத்துகளுக்கு நேர் மேலே, உறிஞ்சிப் பிடித்து உட்காரும். கழற்றிய பிறகும் அரை மணி நேரம் வளையம் தெரிகிற அளவுக்கு அழுத்தும். கண்ணோரத்துக்குப் போட்டிருந்தால் 48 மணி நேரம், நெற்றிக்கு மட்டும் என்றால் 24 போதும். இறுக்கமான ஹெட்பேண்டுக்கும் இதே கணக்கு, ஆனால் அது அழுத்துவது நெற்றிக் குத்துகளை. குத்துச்சண்டை, கபடி போல முகத்தில் அடிபடக்கூடிய ஆட்டங்களை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடலாம்.

தாடைத் தசைக்கும் கழுத்துப் பட்டைகளுக்கும் போட்டுக்கொண்டவர்கள் விஷயத்தில் எனக்கு இதே உறுதி இல்லை. அங்கே அளவும் ஆழமும் வேறு, பக்கத்தில் விழுங்கும் தசைகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவர் சொன்ன கெடு இதைவிட நீளமாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் போட்டிருந்தாலும், பல நாள் கழித்துக்கூட, விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் வந்தால் பயிற்சிக் கணக்கையெல்லாம் விட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு நாளைக்கூட விட மனமில்லாதவர்களுக்கு நேரத்தைத் திட்டமிடுவதுதான் வழி. காலையில் வொர்க்-அவுட்டை முடித்து, குளித்து, முகச் சிவப்பு அடங்க இரண்டு மணி நேரமாவது விட்டு, மாலை நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மறுநாளை ஓய்வு நாளாக வைத்தால் எந்தப் பயிற்சியும் தவறாது. மாரத்தானோ கல்யாணமோ இருந்தால் அதற்கு 3, 4 வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பலன் முழுதாகத் தெரிய ஏறக்குறைய 2 வாரம் ஆகும், குறை இருந்தால் மருத்துவர் கூடுதலாகச் சில யூனிட் போடுவதும் அப்போதுதான். அந்த டச்-அப் இரண்டே குத்தாக இருந்தாலும் 24 மணி நேரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.