ஆடியில் ஹட்டன் நனையும், அப்புத்தளை காயும்

டொராண்டோவில் இலங்கையின் மலையகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒருவர் "சொர்க்கம்" என்பார், அடுத்தவர் "இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்" என்பார். விசாரித்தால் இருவருமே இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். அம்மா பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில். அதனால் அந்த இரண்டாவது பேச்சு எனக்குச் சுடும். இந்த ஆடியில் பிள்ளைகளோடு போய்வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த மாதம் போனீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் குறை சொல்லுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதுகிறது. ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை எல்லாம் நனைந்தே கிடக்கும். பள்ளி விடுமுறையை நம்பி வெளிநாட்டிலிருந்து நாம் புறப்படுவதும் இதே மாதங்களில்தான். ஆனால் ரயிலில் கிழக்கே போய்ப் பாருங்கள். பட்டிப்பொலை 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அது. அங்கே ஜன்னல் கம்பியில் மழைநீர் வழிந்தது, மகள் சால்வைக்குள் முடங்கியிருந்தாள். அதைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து ஒகியா பக்கம் வெளியே வந்தோம். பளீரென்று வெயில்! பெட்டி முழுவதும் ஒரே கூச்சல். அப்புத்தளையில் புழுதி பறந்துகொண்டிருந்தது. அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்தின் பேர்போன தேயிலை கிடைப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்த வறண்ட காற்றில்தான். ஹட்டன் பக்கத்து டிம்புளைத் தேயிலைப் பகுதிக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரே வாரத்தில் மலையின் இரு பக்கமும் இரு வேறு ஊர்களாக இருக்கும்போது, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முழு மலையகத்துக்கும் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

நுவரெலியாவில் நாங்கள் தங்கிய விடுதியில் படுக்கை விரிப்பு ஈரமாகவே இருந்தது. அது மழைக்காலத்தின் குணம், அதற்காக யாரையும் நோக மாட்டேன். ஆனால் எந்நேரமும் வெந்நீர் உண்டு என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். குழாயைத் திறந்தால் எலும்பைக் குத்தும் குளிர். கேட்டதும் அங்கே வேலை செய்யும் தம்பி விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி, படியேறி வாளியில் கொண்டுவந்து வைத்தான். விடுதியின் குறையை அவன் தலையில் கட்டிவிடக் கூடாது. சொன்னதைச் செய்யாதவர் முதலாளி. சித்திரை சீசனில் அந்த நகரத்தில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். அப்போது கொடுத்த விலையை வைத்து ஆண்டு முழுவதையும் அளப்பதும் சரியில்லை.

ரயிலைப் பற்றி எனக்கும் மனத்தாங்கல் உண்டு. முற்பதிவு ஆசனங்கள் தீர்ந்துவிட்டன என்றார்கள். நிலையத்துக்கு வெளியே ஒருவர் அதே ரயிலின் டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்கு நீட்டினார். இது கண்டிக்க வேண்டிய விஷயம், கண்டிக்கிறேன். நாங்கள் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். அரிசிப் பையோடு இருந்த ஒரு ஆச்சி, "வாம்மா, இப்படி உட்கார்" என்று மகளுக்கு இடம் விட்டார். 1924இல் பதுளையை எட்டிய பாதை இது. நமக்குச் சுற்றுலா, அவருக்கு அன்றாடப் பயணம்.

மாமாவின் தோட்டத்துக்குப் போகும் வழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தவறவிட்டால் ஆட்டோதான். குழிகளில் முதுகெலும்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஓட்டிய தம்பி ஒவ்வொரு வளைவிலும் இறங்கிக் கல்லை ஒதுக்கிவிட்டு ஏறினான். கேட்ட காசு கூடுதல் என்று உடன் வந்தவர் முணுமுணுத்தார். அந்தப் பாதையில் அது கூடுதலே அல்ல. உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளுக்குச் செலவு செய்யச் சட்டம் திருத்தப்பட்டதே 2018இல்தான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டுக்குத் தேயிலை கொடுத்த மக்களின் வாசலுக்கு இன்னும் நல்ல பாதை போய்ச் சேரவில்லை. பாதையைத் திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி திட்டுங்கள். ஆட்டோக்காரரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

அடுத்த பயணம் மாசியில். மாமி இப்போதே நாள் கேட்கிறார். ஹட்டன் பக்கம் அப்போது வானம் வெளுத்திருக்கும். விடுதியை மட்டும் மாற்றிக்கொள்வேன்.