அம்மா அப்பாவின் 40ஆவது கல்யாண நாள்: கிராண்ட் ஹோட்டலா, ஹில் கிளப்பா, கந்தப்பளை ரயில் பெட்டியா?

போன தை மாதம் அம்மா அப்பாவுக்குக் கல்யாணமாகி 40 வருடம் முடிந்தது. வீட்டிலே கேக் வெட்டிப் படம் பிடித்ததோடு விட்டுவிடக் கூடாது, ஒரு ராத்திரியாவது இரண்டு பேரையும் நல்ல மேசையில் உட்கார வைத்து, வேறு யாராவது பரிமாற அவர்கள் சாப்பிட வேண்டும் என்று நானும் தங்கச்சியும் பேசி வைத்திருந்தோம். நுவரெலியா பக்கம் மூன்று இடங்கள் மனதில் இருந்தன. டவுனில் கிராண்ட் ஹோட்டல், அதற்குப் பக்கத்திலேயே ஹில் கிளப், அப்புறம் கந்தப்பளைக்கு மேலே ஹெரிட்டன்ஸ் டீ பேக்டரியில் பழைய ரயில் பெட்டிக்குள் இருக்கிற டிசிகே 6685 என்ற ரெஸ்டோரண்ட். கடைசியில் ரயில் பெட்டிக்குத்தான் போனோம். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன்.

மூன்று இடத்திலும் சாப்பாடு தரமாக இருக்கும். மூன்றுமே நம்மைப் போன்றவர்கள் நினைத்தபோதெல்லாம் போகிற இடமல்ல. விலையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மெனுவில் போட்டிருக்கிற தொகைக்கு மேலே 10 சதவீத சேவைக் கட்டணமும் அதற்கும் மேலே 18 சதவீத வாட் வரியும் வருகிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தாலே 10,000 ரூபாய் சாப்பாடு 12,980 ஆகிவிடும். ஏப்ரல் சீசனில் டவுனுக்குள் வண்டியை நிறுத்தவே இடம் கிடைக்காது, அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். வைன் கிளாஸ் தூக்க நினைப்பவர்கள், மது விற்காத போயா (பௌர்ணமி) தினத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயம். மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கச்சி பட்டம் வாங்கிய அன்று ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனோம். அந்த ஹோட்டலின் பெயர் வேண்டாம். ஆளுக்கொரு மெனு அட்டை கொடுத்தார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் இலக்கம் தெரியும். விரலை வலது பக்க ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். ஆகக் குறைந்த விலையில் விரல் நின்றது. "எனக்கு வயிறு சரியில்ல, இந்த சூப்பு போதும்" என்றார். அம்மா 34 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கிலோ பார்த்து, பேருக்கும் அரைப் பேருக்கும் (முழு நாள், அரை நாள் சம்பளத்துக்கு) கணக்குப் பார்த்து எங்களை வளர்த்தவர். விலையைக் கண்ணில் காட்டிவிட்டு "வேண்டியதை எடுங்கம்மா" என்றால் அவரால் எப்படி எடுக்க முடியும்? அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து மீதியிருந்த ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டார். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு அழுதாள்.

அதனால் இந்தத் தடவை ஒரே நிபந்தனைதான். அம்மாவின் கையில் விலை போட்ட அட்டை வரக் கூடாது. எந்தெந்த உணவு, எந்த வரிசையில் என்பதை நாங்கள் முன்கூட்டியே போனில் பேசி முடிவு செய்ய வேண்டும். பில்லையும் மேசைக்குக் கொண்டுவராமல் தனியாகக் கட்ட வேண்டும். விசேஷத்துக்குப் பெற்றவர்களைக் கூட்டிப் போகிற எவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கிராண்ட் ஹோட்டல் ஒரு காலத்தில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய பங்களா, 1891இல் ஹோட்டலானது. அங்கே புல்வெளியில் உட்கார்ந்து பின்னேரத்தேநீர் குடித்திருக்கிறேன், அருமை. முன்பக்கத்தில் இருக்கிற இந்தியன் ரெஸ்டோரண்டில் தோசையும் உண்டு, நான் உண்டும் இருக்கிறேன். ஆனால் அங்கே அட்டையைப் பார்த்துத்தான் ஓடர் கொடுக்க வேண்டும். எங்கள் நிபந்தனைக்கு அது ஒத்துவரவில்லை.

ஹில் கிளப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்ல முடியும், அங்கே ராத்திரிச் சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. 1876இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் தொடங்கியது. கல் கட்டடம், கணப்படுப்பு, பழைய மரத் தளபாடம் எல்லாம் அப்படியே இருக்கிறது. வெளியாட்கள் தற்காலிக உறுப்பினராகச் சேர்ந்து போகலாம். ராத்திரியானால் ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும், இல்லாதவர்களுக்கு அவர்களே இரவல் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்து ஒழுங்கை ரசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அப்பா வேட்டி சட்டைக்காரர். பெயரைச் சொன்னதுமே "துரைமார் கிளப்பா?" என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிட்டார். அவருடைய நாளில் இரவல் கோட்டுக்குள் அவரை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கந்தப்பளைக்கு வருவோம். நுவரெலியாவிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர், ஏறத்தாழ 6,800 அடி உயரம். ஹெதர்செட் தோட்டத்து பேக்டரியாக இருந்த கட்டடம்தான் இப்போது ஹோட்டல். கொழுந்து வாட்டிய மேல்மாடிகள்தான் தங்கும் அறைகள். ராத்திரிச் சாப்பாடுதானே என்று இருட்டின பிறகு போகாதீர்கள், நாலு மணிக்கே போய்விடுங்கள். அப்பா எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை பேக்டரியில், 31 வருடம் வேலை செய்தவர். உள்ளே நுழைந்ததும் பச்சை பெயின்ட் அடித்த இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தப் பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில் அம்மாவைக் கூட்டிப்போய், பெல்ட் எப்படி ஓடும், சத்தம் எங்கே வரைக்கும் கேட்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அத்தனை வருடம் கொழுந்து கொண்டுவந்து கொடுத்த அம்மா, அது மேலே போய் என்ன ஆகிறது என்பதை அன்றுதான் முழுசாகக் கேட்டார்.

ரயில் பெட்டி சின்னது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒரு காலத்தில் குறுகிய பாதையில் ரயில் ஓடியதே, அந்த ஞாபகத்தைக் கொண்டுவருகிற பெட்டி. சில மேசைகள்தான், முன்பதிவு இல்லாமல் போவதில் அர்த்தமில்லை. ஐரோப்பியச் சாப்பாடு என்பதால் மாட்டிறைச்சி வேண்டாம் என்றும், அம்மாவுக்குக் காரமில்லாத மீன் என்றும் முன்பே சொல்லியிருந்தோம். பரிமாறிய பையன் தமிழில், "அம்மா, அடுத்தது சூப், கொண்டுவரவா?" என்று கேட்டான். "எந்தத் தோட்டம் தம்பி?" என்று அம்மா ஆரம்பித்தார். அவன் பெயர் சொன்ன தோட்டத்தில் அம்மாவுக்கு ஒரு சித்தி முறை இருந்தார். அதற்குப் பிறகு முள்ளுக்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கரண்டியாலேயே நிதானமாக எல்லாவற்றையும் சாப்பிட்டார். ஒரு தட்டும் பாதியில் திரும்பிப் போகவில்லை.

குறையும் உண்டு. ராத்திரி திரும்பும்போது மூடுபனியில் முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை, பாதை தெரிந்த வேன்காரர் கட்டாயம் வேண்டும். குளிர் அதிகம், அம்மாவுக்குச் சால்வை இரண்டு கொண்டுபோயும் போதவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் காத்திருக்க வேண்டும் என்பதால் சின்னப் பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு பத்துப் பேராகப் போகிறீர்கள் என்றால் கிராண்ட் ஹோட்டலின் பின்னேரத்தேநீரே சரி. பிள்ளைகள் புல்லில் ஓடலாம், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். காசை மட்டும் முன்னாலேயே கட்டிவிடுங்கள்.